பழைய குட்டியானை வாங்கலாமா? எது பழுதாகும், எவ்வளவு செலவாகும்?

காய்கறி வியாபாரம், தண்ணீர் கேன், ஃபர்னிச்சர் கடை, பந்தல் சாமான் என்று சொந்தத் தொழில் தொடங்குபவர்களில் பலர் முதலில் தேடுவது ஒரு பழைய குட்டியானையைத்தான். பத்துப் பன்னிரண்டு வருடம் ஓடிய குட்டியானை, அதாவது டாடா ஏஸ், நிலைமையைப் பொறுத்து ஒரு லட்சத்திலிருந்து இரண்டு லட்சத்துக்குள் கைமாறுகிறது. புது வண்டியின் மாதத் தவணையைக் கணக்குப் போட்டுப் பார்த்தவருக்கு இது மலிவாகத்தான் தெரியும். ஆனால் விற்பவர் சொல்லும் விலையோடு கணக்கு முடிவதில்லை. முதல் வருடத்தில் பட்டறைக்கும் இன்சூரன்ஸுக்கும் எஃப்.சி. எனப்படும் தகுதிச் சான்றுக்கும் எவ்வளவு போகும் என்பதையும் சேர்த்தால்தான் வண்டியின் உண்மையான விலை தெரியும். அதைப் பெருமளவுக்கு முன்கூட்டியே கணித்துவிடலாம். இந்த வண்டியில் எது தேயும், எது உடையும் என்பது மெக்கானிக்குகளுக்கு மனப்பாடம்.

இங்கே சொல்லும் தொகைகள் வெளிப் பட்டறையில் சாமானும் கூலியும் சேர்ந்து ஆகும் தோராயச் செலவு. ஊரையும் சாமானின் தரத்தையும் பொறுத்துக் கூடும், குறையும்.

பாதி இண்டிகா எஞ்சின்

டாடா ஏஸ் 2005 மே மாதம் அறிமுகமானது. மூன்று சக்கர லோடு ஆட்டோவுக்கும் பெரிய வேனுக்கும் நடுவில் இருந்த இடைவெளியை அது நிரப்பியது. அதன் எஞ்சின் இண்டிகா காரின் 1,405 சிசி, நான்கு சிலிண்டர் டீசல் எஞ்சினிலிருந்து வந்தது. அதைப் பாதியாக்கி, இரண்டு சிலிண்டரோடு 702 சிசி எஞ்சினாக்கினார்கள். சக்தி 16 குதிரைசக்தி. ஏற்றக்கூடிய பாரம் ஏறத்தாழ 750 கிலோ.

இந்த எளிமைதான் பழைய ஏஸின் பலம். டர்போ கிடையாது. டீசலைத் தருவது மெக்கானிக்கல் பம்ப். கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்துத்தான் பழுது கண்டுபிடிக்க வேண்டும் என்ற நிலை இல்லை. உதிரிபாகம் சிறிய ஊர்களின் ஸ்பேர்ஸ் கடைகளில்கூடக் கிடைக்கும். தாலுகா தலைநகரில் இருக்கும் சாதாரண மெக்கானிக்கும் இந்த எஞ்சினைப் பிரித்துக் கோர்த்துவிடுவார்.

பலவீனமும் அதிலேயே இருக்கிறது. இன்று 200 சிசி பைக்கிலேயே 16 குதிரைசக்தியைவிட அதிகம் கிடைக்கிறது. இந்தச் சிறிய எஞ்சின் முக்கால் டன் பாரத்தை இழுக்கும்போது பெரும்பாலும் முழு ஆக்ஸிலரேட்டரில்தான் ஓடுகிறது. அதற்கு ஓய்வு குறைவு. அதனால் சூடு, தேய்மானம் இரண்டும் கூடுதல்.

2007இல் வந்த டாடா மேஜிக் ஷேர் வேனும் இதே அடித்தளத்தில் செய்யப்பட்டதுதான். பழைய டீசல் மேஜிக் வாங்குபவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும். 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 விதி வந்த பிறகு விற்ற வண்டிகளில் மின்னணுக் கட்டுப்பாடு அதிகம். அவற்றின் பழுதுக் கணக்கு வேறு. இந்தக் கட்டுரை அதற்கு முந்தைய டீசல் வண்டியைப் பற்றியது.

முதலில் கேட்க வேண்டிய கேள்வி: என்ன லோடு அடித்தது?

பழைய கார் வாங்கும்போது எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று கேட்போம். குட்டியானைக்கு அந்தக் கேள்வியால் பெரிய பயன் இல்லை. மீட்டர் கேபிள் அறுந்து பல மாதம் ஓடிய வண்டிகள் ஏராளம். அதைவிட, இதுவரை என்ன சுமந்தது என்று கேளுங்கள்.

திருப்பூரில் பனியன் மூட்டை ஏற்றிய வண்டியும் நாமக்கல்லில் முட்டை ஏற்றிய வண்டியும் பெரும்பாலும் பாரம் மிஞ்சாமல் ஓடியிருக்கும். முட்டை ஏற்றுபவர் பள்ளத்தில் வேகமாக விட மாட்டார். செங்கல், எம்-சாண்ட், சிமென்ட், இரும்புக் கம்பி ஏற்றிய வண்டியில் முக்கால் டன்னுக்கு ஒன்றரை டன் ஏற்றியிருக்கவும் வாய்ப்புண்டு. அதன் ஸ்பிரிங் பட்டை, ஆக்ஸில், கிளட்ச், கிரவுன் எல்லாம் வயதுக்கு மீறித் தேய்ந்திருக்கும். வேதாரண்யத்து உப்பு, நாகப்பட்டினத்து மீன் ஏற்றிய வண்டிக்குத் துருதான் எமன். ஐஸ் கரைந்த உப்புத் தண்ணீர் தளத்தின் இடுக்கு வழியாகச் சொட்டி, நேராகச் சேஸியில்தான் இறங்கும்.

உரிமையாளர் மழுப்பினாலும் வண்டி மழுப்பாது. லோடு பாடியின் தளத்தகடு பள்ளம் பள்ளமாக அமுங்கியிருந்தால் கனமான சரக்கு ஏறியிருக்கிறது. பின்பக்கம் கூடுதல் பட்டை சேர்த்திருந்தால் அதிகப் பாரம் ஏற்றுவதே வழக்கமாக இருந்திருக்கிறது.

சூடு: பெரிய செலவுகளின் தொடக்கம்

பழைய ஏஸில் பெரிய செலவு வைக்கும் எஞ்சின் பழுதுகளில் பல, கூலிங் சரியில்லாததில்தான் தொடங்குகின்றன. இந்த எஞ்சினில் டீசல் நேராகச் சிலிண்டருக்குள் போவதில்லை. ஹெட்டில் இருக்கும் சிறிய அறையில் முதலில் பற்றி, அங்கிருந்து சிலிண்டருக்கு இறங்குகிறது. சத்தம் குறைவதற்கும் குறைந்த விலையில் எஞ்சின் செய்வதற்கும் உகந்த முறை அது. ஆனால் ஹெட்டுக்குப் போகும் சூடு அதிகம். அந்தச் சூட்டைத் தண்ணீர்தான் எடுத்துச் செல்ல வேண்டும்.

நம் ஊரில் ரேடியேட்டரில் கூலன்ட் ஊற்றுவதற்குப் பதில் போர் தண்ணீர் ஊற்றும் பழக்கம் உண்டு. உப்புத் தண்ணீர் தொடர்ந்து ஓடினால் ரேடியேட்டர் குழாய்களிலும் எஞ்சினின் நீர்ப்பாதைகளிலும் சுண்ணாம்புப் படிவம் கட்டும். இன்னொரு கெட்ட பழக்கமும் உண்டு. சூடு ஏறுகிறது என்று போனால், சில பட்டறைகளில் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிடுவார்கள். அப்போதைக்கு முள் இறங்கும். ஆனால் எஞ்சின் சரியான வெப்பத்துக்கு வரவே நேரமாகும். டீசல் அதிகம் குடிக்கும், சிலிண்டர் சீக்கிரம் தேயும். சூடு ஏறியதற்கான உண்மைக் காரணமும் அப்படியே இருக்கும்.

கவனிக்காமல் விட்டால் ஹெட் கேஸ்கட் போகும். அடுத்து ஹெட் வளையும் அல்லது வெடிக்கும். இதை வாங்கும் முன்பே பார்த்துவிடலாம். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்து, அதன் பிறகு வண்டியை ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். தண்ணீரில் தொடர்ந்து குமிழி வந்தால் சிலிண்டர் காற்று நீர்ப்பாதைக்குள் கசிகிறது. ஆயில் குச்சியில் ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர் ஆயிலுக்குள் இறங்கியிருக்கிறது. இரண்டில் எது இருந்தாலும் அந்த வண்டியை ஓடுகிற வண்டி என்று கருதி விலை பேசாதீர்கள்.

ரேடியேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்ய, ஹோஸ் மாற்ற, கூலன்ட் ஊற்ற இரண்டாயிரம், மூவாயிரம் ஆகும். ஹெட்டை இறக்கி லேத்தில் ஃபேசிங் செய்து கேஸ்கட் மாற்ற எட்டாயிரத்திலிருந்து பன்னிரண்டாயிரம் வரை ஆகும். ஹெட்டே வெடித்திருந்தால் அதற்கு மேல்.

டைமிங் பெல்ட்: சின்னச் செலவு, பெரிய ஆபத்து

இந்த எஞ்சினில் டைமிங் பெல்ட் இருக்கிறது. ரப்பர் பெல்ட்டுக்கு வயது உண்டு. அறுந்தால் வால்வு திறந்திருக்கும்போதே பிஸ்டன் மேலே வந்து இடிக்கும். வால்வு வளையும், பிஸ்டனும் ஹெட்டும் சேதமாகலாம். பெல்ட், டென்ஷனர், கூலி எல்லாம் சேர்த்து மூவாயிரம், நான்காயிரத்தில் முடியும் வேலையைத் தள்ளிப்போட்டு, முப்பதாயிரத்துக்கு மேல் கட்டியவர்கள் உண்டு.

பழைய வண்டியில் பெல்ட் எப்போது மாற்றினார்கள் என்பதற்கு பில் இருக்காது. "போன வருஷம்தாங்க மாத்தினோம்" என்ற வாய்மொழியை நம்பாதீர்கள். வண்டி உங்கள் கைக்கு வந்த முதல் வாரமே பெல்ட்டை மாற்றுங்கள். அதோடு எஞ்சின் ஆயில், ஆயில் ஃபில்டர், டீசல் ஃபில்டர், ஏர் ஃபில்டர் எல்லாவற்றையும் மாற்றிவிட்டால், கணக்கு அன்றிலிருந்து உங்களுடையது.

புகை சொல்லும் சேதி

எஞ்சின் எந்த நிலையில் இருக்கிறது என்பதைச் சைலன்ஸரிலிருந்தே ஓரளவு தெரிந்துகொள்ளலாம்.

கறுப்புப் புகை வந்தால் டீசல் முழுதாக எரியவில்லை. ஏர் ஃபில்டர் அடைத்திருக்கலாம், நாசில் சொட்டலாம், பம்ப்பில் டீசல் அளவைக் கூட்டி வைத்திருக்கலாம். பாரம் இழுக்க வேண்டும் என்பதற்காகவே சிலர் பம்ப்பைத் திருகி வைப்பதுண்டு. நாசில் இரண்டையும் சரிசெய்ய சில ஆயிரம் போதும். பம்ப் வேலை என்றால் பத்தாயிரத்தை ஒட்டி அல்லது அதற்கு மேல் போகும்.

காலையில் ஸ்டார்ட் ஆகத் திணறி, கொஞ்ச நேரம் வெள்ளைப் புகை விட்டுப் பிறகு சரியானால் பெரும்பாலும் ஹீட்டர் பிளக் போயிருக்கும். சில நூறு ரூபாய்ச் சாமான். சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்கவில்லை, தண்ணீரும் குறைகிறது என்றால் மறுபடி ஹெட் கேஸ்கட்டைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

நீலப் புகை வந்தால் எஞ்சின் ஆயில் குடிக்கிறது. வால்வு சீல் மட்டும் என்றால் தப்பித்தீர்கள். பிஸ்டன் ரிங்கும் சிலிண்டரும் தேய்ந்திருந்தால் எஞ்சின் வேலை வரும். இதைப் பிரித்தறிய ஒரு வழி உண்டு. எஞ்சின் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பார்க்க வேண்டும். அதன் வழியாகப் புகை வேகமாகக் குபுகுபுவென்று அடித்தால் சிலிண்டர் காற்றைப் பிடித்து வைக்கவில்லை என்று பொருள்.

முழு எஞ்சின் வேலை என்பது பிஸ்டன், ரிங், பேரிங் மாற்றுவது, சிலிண்டர் போரிங், கிராங்க் கிரைண்டிங், வால்வு வேலை, ஆயில் பம்ப் எல்லாம் சேர்ந்தது. நாற்பதாயிரத்திலிருந்து அறுபது, எழுபதாயிரம் வரை ஆகும். ஒரு வாரம், பத்து நாள் வண்டி நிற்கும். குறைந்த செலவில் ரிங் மட்டும் மாற்றித் தருகிறேன் என்பவரிடம் கொடுத்தால் சில மாதத்தில் அதே வேலை திரும்ப வரும். தேய்ந்து நீள்வட்டமான சிலிண்டரில் புது வட்ட ரிங் பொருந்தாது.

பழைய எஞ்சினை எடுத்துவிட்டு, உடைத்த வண்டியின் எஞ்சினைப் போட்டுத் தருவதும் உண்டு. செலவு குறையும். ஆனால் எஞ்சின் எண் ஆர்.சி.யில் உள்ள எண்ணோடு ஒத்துப்போக வேண்டும். மாற்றியதை முறையாகப் பதியாவிட்டால் எஃப்.சி.யிலும் பெயர் மாற்றத்திலும் சிக்கிக்கொள்வீர்கள். வாங்கும் வண்டியிலும் எஞ்சின் எண்ணையும் சேஸி எண்ணையும் கண்ணால் பார்த்து ஒப்பிட்டுவிடுங்கள்.

கிளட்ச், கியர், கிரவுன்

நகரத்தில் பாரத்தோடு நின்று நின்று போகும் வண்டிக்குக் கிளட்ச் தேய்வது இயல்பு. மேட்டில் எஞ்சின் சத்தம் கூடுகிறது, வேகம் கூடவில்லை என்றால் கிளட்ச் நழுவுகிறது. பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் சேர்த்து மாற்றுவதே சரி. ஐயாயிரத்திலிருந்து எட்டாயிரம் வரை ஆகும். கியர் பாக்ஸை இறக்கும் கூலி எப்படியும் ஒன்றுதான். ஒரு சாமானை மிச்சப்படுத்தப் போய் இரண்டு முறை கூலி கொடுக்க வேண்டாம்.

கியர் தானாக நழுவி நியூட்ரலுக்கு வந்தாலோ, மாற்றும்போது கரகரத்தாலோ பாக்ஸுக்குள் வேலை இருக்கிறது. எது தேய்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்து ஐயாயிரத்திலும் முடியும், பதினைந்தாயிரத்துக்கும் போகும்.

புறப்படும்போது "டக்" என்று ஒரு தட்டல் வந்தால் பெரும்பாலும் புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் கிராஸ். மலிவான வேலை. வேகம் கூடக் கூடப் பின்பக்கமிருந்து ஊளைச் சத்தம் வந்தால் கிரவுன் பினியன். அதிகப் பாரமும் ஹவுசிங் ஆயிலைக் கவனிக்காததும் அதைக் கெடுக்கும். பத்தாயிரத்துக்குக் குறையாது. இதனால்தான் சோதனை ஓட்டத்தில் பாட்டுப் பெட்டியை அணைத்துவிட்டு, நாற்பது ஐம்பது கி.மீ. வேகத்தில் கொஞ்ச தூரம் போய்ப் பார்க்கச் சொல்கிறார்கள்.

பட்டை, கிங் பின், டயர், பிரேக்

ஏஸில் முன்னும் பின்னும் பட்டைதான். பட்டை உடைவது சாதாரணம். மாற்றுவதும் சுலபம், ஒரு பக்கத்துக்கு இரண்டாயிரம், மூவாயிரத்தில் முடியும். வெறும் வண்டியைச் சமதளத்தில் நிறுத்திப் பின்னாலிருந்து பாருங்கள். ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் பட்டை களைத்திருக்கிறது.

முன் ஆக்ஸிலில் இருக்கும் கிங் பின் கிரீஸ் கேட்கும் சாமான். கிரீஸ் அடிக்காமல் ஓட்டினால் தேய்ந்து, ஸ்டியரிங் நேராக நிற்காது, முன் டயர் ஓரத்தில் மட்டும் தேயும். முன் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் ஆட்டம் தெரியும். சரிசெய்ய மூவாயிரம், நான்காயிரம். செய்யாமல் புது டயர் போட்டால் டயரும் போகும்.

12 அங்குல டயர் ஒன்று மூவாயிரம், நான்காயிரம். நான்கும் தேய்ந்திருந்தால் அதை விலையில் கழியுங்கள். பிரேக் மிதித்ததும் வண்டி ஒரு பக்கம் இழுத்தால் காலிப்பரோ வீல் சிலிண்டரோ பிடித்திருக்கும். ஷூ, பேட், சிலிண்டர் கிட் எல்லாம் சில ஆயிரங்களில் முடியும். இந்த வேலையில் மட்டும் மலிவான டூப்ளிகேட் சாமான் வேண்டாம்.

மின்சாரமும் துருவும்

பேட்டரி, செல்ஃப், டைனமோ மூன்றும் எந்தப் பழைய வண்டிக்கும் பொது. பேட்டரி நான்காயிரத்திலிருந்து ஆறாயிரம். செல்ஃபோ டைனமோவோ ரிப்பேர் செய்ய இரண்டாயிரம் சுற்றி. பழைய ஏஸில் உண்மையான தலைவலி வயரிங். எல்இடி விளக்கு, பாட்டுப் பெட்டி, ஹார்ன் என்று ஆளாளுக்கு வெட்டி ஒட்டிய வயர்கள் எங்கே உரசி எப்போது ஷார்ட் ஆகும் என்று சொல்ல முடியாது. டேப் சுற்றிய ஒட்டுகள் நிறையத் தெரிந்தால் நல்ல எலக்ட்ரீஷியனிடம் ஒரு நாள் விட்டுச் சரிசெய்வது நல்லது.

துருவை இரண்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். கேபின் தரை, கதவின் அடிப்பகுதி, லோடு பாடியின் தளம் ஆகியவற்றில் துரு என்றால் டிங்கரிங், பெயின்டிங்கில் சரியாகும். பதினைந்தாயிரம் முதல் முப்பதாயிரம் வரை ஆகும். சேஸியிலும் பட்டை மாட்டும் பிராக்கெட்டிலும் துரு அரித்திருந்தால், வெல்டிங் வைத்து ஒட்டியிருந்தால், விலகிவிடுங்கள். புதிதாகக் கறுப்பு பெயின்ட் அடித்த சேஸியைக் கண்டால் ஒரு சின்னச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும், அரித்த இரும்பு மந்தமாக ஒலிக்கும்.

ஓடினாலும் நின்றாலும் வரும் செலவு

வண்டி பழசானால் விலை குறையும். சில செலவுகள் குறையாது. மூன்றாம் நபர் இன்சூரன்ஸில் 7,500 கிலோ வரை மொத்த எடையுள்ள சரக்கு வண்டிகள் எல்லாம் ஒரே பிரிவு. 2022 ஜூனில் நடைமுறைக்கு வந்த பட்டியலில் அந்தப் பிரிவுக்கு ரூ.16,049, ஜி.எஸ்.டி. தனி. ஒன்றரை டன் சொச்சம் மொத்த எடையுள்ள குட்டியானைக்கும் ஏழு டன் லாரிக்கும் இதே தொகை. வண்டிக்குப் பத்து வயதானாலும் குறையாது.

எஃப்.சி. எட்டு வயது வரை இரண்டு வருடத்துக்கு ஒரு முறை, அதன் பிறகு ஆண்டுதோறும். அரசுக் கட்டணம் ஒரு பக்கம். அதற்கு வண்டியைத் தயார்செய்வது இன்னொரு பக்கம். பெயின்ட், டிங்கரிங், பிரேக், விளக்கு, ஒளிரும் ஸ்டிக்கர் என்று வருடந்தோறும் பத்து, பதினைந்தாயிரம் ஒதுக்க வேண்டும். 15 வயது கடந்த வணிக வண்டிகளுக்கு எஃப்.சி. கட்டணம் 2022 ஏப்ரல் முதல் பல மடங்கு உயர்ந்துவிட்டது. ஆகவே 14 வயது வண்டியை வாங்குபவர் அடுத்த வருடத்துக் கட்டணத்தையும் சேர்த்தே கணக்குப் போட வேண்டும். தமிழ்நாட்டில் பழைய வணிக வண்டிகளுக்குப் பசுமை வரியும் உண்டு.

ஒரு சலுகை இருக்கிறது. 3,000 கிலோவுக்கு மேற்படாத மொத்த எடையுள்ள சரக்கு வண்டிக்குப் பர்மிட் தேவையில்லை. ஆனால் அதிகப் பாரம் ஏற்றிப் பிடிபட்டால் சலுகை கிடையாது. 2019இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி அபராதம் ரூ.20,000. கூடுதலாக ஏற்றிய ஒவ்வொரு டன்னுக்கும் ரூ.2,000 தனி.

ஒரு மாதிரிக் கணக்கு

ஒன்றரை லட்சத்துக்கு ஒரு வண்டி வாங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். எஞ்சின் நன்றாக இருக்கிறது. முதல் வருடச் செலவு இப்படி வரும்:

- இன்சூரன்ஸ்: ஏறத்தாழ 17,000
- எஃப்.சி.க்குத் தயார்செய்வது: 15,000
- நான்கு டயர்: 14,000
- கிளட்ச் செட்: 7,000
- பேட்டரி: 5,000
- டைமிங் பெல்ட், ஆயில், ஃபில்டர், கூலன்ட்: 6,000

மொத்தம் 64,000. ஒன்றரை லட்சம் வண்டி இரண்டு லட்சத்துப் பதினாலாயிரம் ஆகிவிட்டது. இதில் எஞ்சின் வேலை சேரவில்லை. அது வந்தால் இன்னும் ஐம்பதாயிரமும் பத்து நாள் வருமானமும் போகும். அந்தப் பத்து நாளும் வாடிக்கையாளருக்குச் சரக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதால் வாடகை வண்டியும் பிடிக்க வேண்டும். பழைய வண்டியில் பலரைக் கவிழ்ப்பது பட்டறை பில்லைவிட இந்த நின்ற நாட்கள்தான்.

இந்தக் கூட்டுத்தொகையைப் புது வண்டி விலையோடு ஒப்பிடுங்கள். 2025 ஜூனில் டாடா ஏஸ் ப்ரோவை ரூ.3.99 லட்சம் தொடக்க விலையில் கொண்டுவந்தது. அதே ஆண்டு செப்டம்பர் 22 முதல் சரக்கு வண்டிகளுக்கான ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. ஆகவே, பழைய வண்டிக்கு இரண்டு லட்சத்துக்கு மேல் கேட்பவரிடம் தயங்காமல் பேரம் பேசலாம்.

வாங்கும் நாளில்

வண்டியைக் காலையில், குளிர்ந்த எஞ்சினோடு பாருங்கள். நீங்கள் போகுமுன்பே சூடாக்கி வைத்திருந்தால் ஸ்டார்ட்டிங் பிரச்சினையை மறைக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம். முடிந்தால் ஐந்நூறு கிலோவாவது ஏற்றி ஒரு பாலம் ஏறிப் பாருங்கள். வெறும் வண்டி எல்லாமே நன்றாகத்தான் ஓடும்.

தாள்களில் முதலில் பார்க்க வேண்டியது கடன். ஆர்.சி.யில் ஃபைனான்ஸ் பெயர் இருந்தால், கடன் முடிந்த சான்றும் படிவம் 35ம் கைக்கு வராமல் முழுப் பணம் கொடுக்காதீர்கள். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வாங்குங்கள். நிலுவையில் உள்ள இ-சலான், எஃப்.சி. தேதி, இன்சூரன்ஸ் தேதி மூன்றையும் பரிவாகன் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டு நீங்களே பாருங்கள்.

யாருக்குச் சரி, யாருக்கு வேண்டாம்?

நாளுக்கு ஐம்பது அறுபது கி.மீ., ஊருக்குள்ளேயே ஓட்டம், பாரம் முக்கால் டன்னுக்குள், பக்கத்தில் நம்பிக்கையான மெக்கானிக் என்றால் பழைய குட்டியானை இன்றும் நல்ல முதலீடுதான். வண்டி ஒரு நாள் நின்றால் சரக்கு கெட்டுப்போகும் மீன், பால் தொழிலுக்கும், தினமும் இருநூறு கி.மீ. நெடுஞ்சாலையில் ஓடுபவருக்கும், கொல்லிமலை ஏற்காடு என்று மலையேறுபவருக்கும் அது சரிப்படாது.

கிளட்ச், பட்டை, கிங் பின், பேட்டரி, டயர் இவற்றுக்குப் பயப்பட வேண்டாம். அந்தத் தொகையை விலையில் கழித்துக்கொண்டு வாங்கலாம். எஞ்சின் வேலை இருக்கிற வண்டியை, ஐம்பதாயிரம் குறைத்துத் தந்தால் மட்டும் யோசிக்கலாம். சேஸி அரித்த வண்டியையும் தாள் சரியில்லாத வண்டியையும் எந்த விலைக்கும் வாங்காதீர்கள். கையில் இருக்கும் பணம் முழுவதையும் வண்டிக்கே கொடுத்துவிடாமல் ஐம்பதாயிரத்தையாவது தனியாக வையுங்கள். விலை பேசப் போகும்போது உங்கள் மெக்கானிக்குக்கு ஒரு நாள் கூலி கொடுத்துக் கூட்டிப்போங்கள். அவர் வேண்டாம் என்றால், வண்டி எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள்.